பலவேசம் சூப்புக்கு என்ன ஆதாரம்?

நான் சொல்லப்போவதில் பாதி பலவேசம் சொன்னது, மீதி நான் கண்ணால் பார்த்தது. எதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தே பழகிவிட்டேன். பலவேசத்தின் பேச்சுக்கு மட்டும் வைத்ததில்லை. வைத்தால் டெஸ்டர்தான் கெட்டுப்போகும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் காலையில் நடக்கிற மைதானத்துக்குக் கிழக்கு வாசல் ஒன்று உண்டு. வாசலை ஒட்டி இரண்டு தள்ளுவண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று பலவேசத்தின் தூதுவளைச் சூப்பு. இன்னொன்று பேச்சியம்மாளின் உளுந்தங்கஞ்சி. பேச்சியம்மாள் வாயே திறக்க மாட்டாள். கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். அவள் பேசாத பேச்சையும் சேர்த்துப் பலவேசம் பேசுவான். தூதுவளை, மிளகு, சீரகம், பூண்டு, திப்பிலி, சித்தரத்தை என்று அவன் போடுகிற சாமான்களைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். சளி, இருமல், தடுமன், தலைபாரம், ஃப்ளூ காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர் என்று பத்தொன்பது வருசமாகக் கத்திக்கொண்டிருக்கிறான்.

போன மார்கழியில் வந்தது வினை. எங்கள் நடையாளர் சங்கத்து ஆட்கள் டூவீலர் நிறுத்த இடமில்லை என்று வாசலில் தினமும் சண்டை. சங்கம் கூடி, இரண்டு வண்டியில் ஒன்றுதான் இனி வாசலில் நிற்கலாம் என்று தீர்மானம் போட்டது. எது நிற்பது? சங்கத்துச் செயலாளர் கோமதிநாயகம் புள்ளிவிவரத் துறையில் முப்பத்திரண்டு வருசம் இருந்தவர். வீட்டுக்காரம்மா சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்னால்கூட, எத்தனை கரண்டி சாம்பாரைச் சோதித்தாய் என்று கேட்கிற மனுசர். அவர் சொன்னார்: "கஞ்சி பசியை ஆத்துது. அதுக்கு யாரும் ஆதாரம் கேக்க வேண்டாம். சூப்பு சளியைப் போக்குதுன்னு இவன் சொல்லுதான். அதுக்கு ஆதாரம் இருந்தா சூப்பு நிக்கட்டும். இல்லேன்னா கஞ்சி."

அன்றைக்குச் சாயங்காலம் பலவேசம் என் வீட்டுக்கே வந்துவிட்டான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணாச்சி, இந்த வாசலை விட்டா எனக்கு வேற வாசல் தெரியாது. மத்த வாசல்ல எல்லாம் ஆளு இருக்கான்" என்றான். அவன் அவ்வளவு சின்ன வாக்கியம் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

கோமதிநாயகம் ஒரு சோதனை வைத்தார். சங்கத்தில் தடுமன் பிடித்து மூக்கு ஒழுகியவர்கள் இருபது பேரைச் சேர்த்தார். சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு நிஜச் சூப்பு, பத்துப் பேருக்கு அவர் வீட்டில் கொத்தமல்லியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய வெறும் தண்ணீர். இரண்டும் ஒரே நிறம், ஒரே சூடு. யாருக்கு எது என்று குடிக்கிறவனுக்கும் தெரியாது, ஊற்றிக்கொடுக்கிற எனக்கும் தெரியாது. சிவப்பு மூடி ஃபிளாஸ்க், நீல மூடி ஃபிளாஸ்க், அவ்வளவுதான். ஐந்து நாள் சோதனை. நானும் ஒழுங்காக ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் கோமதிநாயகம் நேரில் பார்க்க வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் தேவசகாயம் தன் டம்ளரில் பாதியைத் தன்னோடு நடக்கிறவருக்கு ஊற்றினார். அவர் தன் டம்ளரில் பாதியை இவருக்கு ஊற்றினார். இருபது பேரும் ஜோடி ஜோடியாக அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்ன செய்யுதீய?" என்று அலறினார் கோமதிநாயகம்.

"பை டூ" என்றார் தேவசகாயம், ரொம்பச் சாதாரணமாக. "எப்பவும் பை டூதான போடுவோம்? கூட நடக்குதவனை நிக்கவச்சிக்கிட்டு நான் மட்டும் முழுசாக் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஐந்து நாளும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுதானே? இருபது பேருக்கும் தடுமன் போய்விட்டது. ஆனால் யார் வயிற்றில் மருந்து, யார் வயிற்றில் கொத்தமல்லித் தண்ணீர் என்று பிரிக்கவே வழியில்லை. எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

"சோதனை செத்துப்போச்சு" என்றார் கோமதிநாயகம். "பலவேசம், ஞாயித்துக்கிழமை கூட்டம். வேற ஆதாரம் இருந்தா நீரே வந்து வாயால சொல்லும்."

பை டூவை மறந்தது அவர் செய்த முதல் தப்பு. வாயால் சொல்லலாம் என்று பலவேசத்திடம் சொன்னது இரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முப்பது பேர் வாசலில் கூடினோம். கோமதிநாயகம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மடியில் நோட்டோடு உட்கார்ந்தார். பேச்சியம்மாள் தன்பாட்டுக்குக் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். பலவேசம் அடுப்பை எரியவிட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அய்யா, பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சின்னதா ஒண்ணு சொல்லுதேன். நம்ம ரேஷன் கடையில எடை போட்டுக்கிட்டிருந்தான்லா இசக்கிமுத்து, அவனுக்குப் பதினோரு நாளா மூக்கடைப்பு. மூக்குன்னு ஒண்ணு இருக்குதே அவனுக்கு மறந்துபோச்சு. வாயாலயே மூச்சு விட்டு வாயாலயே மூச்சு வாங்குதான். மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் வித்தியாசம் தெரியாம ஒருத்திக்கு மாத்தி ஊத்திட்டான். அப்பதான் இங்க வந்தான். ஒரு டம்ளரு. ஒரே ஒரு டம்ளரு, கேட்டியளா? குடிச்சிட்டு அந்த முக்கு திரும்பல, 'டப்'புனு ஒரு சத்தம். ஏதோ சைக்கிள் டயரு வெடிச்சிருச்சுன்னு நெனச்சோம். பாத்தா இவன் மூக்கு தொறந்திருக்கு."

"சத்தம் நாங்க யாரும் கேக்கலியே?" என்றார் தேவசகாயம்.

"நீங்க அன்னைக்கு வாக்கிங் வரல அண்ணாச்சி, பல்லு வலின்னு படுத்துக்கிட்டீய. கேளுங்க. தொறந்த மூக்கு சும்மா இருக்குமா? தெருவுல நடந்துக்கிட்டே சொல்லுதான். மொத வீட்டுல சாளை மீனு பொரியுது, ரெண்டாவது வீட்டுல நேத்து வச்ச குழம்பைச் சூடு பண்ணுதாவ, மூணாவது வீட்டுல பாலு அடிபிடிக்குன்னான். ஓடிப்போயி கதவைத் தட்டுனா, அந்தம்மா தூங்கிக்கிட்டு இருக்கு, பாலு நெசமாவே அடிபிடிச்சிருக்கு! அதோட நின்னானா? பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, களக்காட்டுல இருக்க அவன் வீட்டுல பொண்டாட்டி என்ன சமைக்கான்னு மோந்து பாத்தான். பாவக்கா. அன்னைக்கு மத்தியானம் அவன் வீட்டுக்கே போகல."

எல்லாரும் சிரித்தோம். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார்: "நபர் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை."

பலவேசத்துக்கு ரோசம் வந்துவிட்டது. ஒருத்தன் போதாதாக்கும் என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"சரி அய்யா. வில்லுப்பாட்டுக்காரரு ஒருத்தரு, பேரு வேண்டாம், பெரிய மனுசரு. கோயில் கொடைக்கு மத்தியானம் பாட வந்தவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வாயைத் தொறந்தா காத்துதான் வருது. கொடைக்காரங்க அழுதுட்டாவ. ஒரு தூக்குச்சட்டியில சூப்பைக் கொண்டுபோயி அரை டம்ளரு குடுத்தேன். முழு டம்ளரு குடுக்கல, பயந்துக்கிட்டுத்தான். அவரு வில்லைத் தட்டினாரு பாருங்க, பந்தக்கால் ஆடிச்சு. சாமி கதையை ரெண்டு மணி நேரத்துல பாடி முடிச்சாரு. நிறுத்த முடியல. பக்கத்துக் கோயில் சாமி கதையைப் பாடினாரு. அதுவும் முடிஞ்சு போச்சு. மூணாவதா, இன்னும் கோயிலே கட்டாத ஒரு சாமிக்குக் கதை பாட ஆரம்பிச்சிட்டாரு. சாமியாடி காலைப் பிடிச்சிக் கும்பிடுதாரு, 'எனக்கு ஆடி முடியல, போதும்யா'ங்காரு. கடைசியில ஆறு சேமியா ஐஸை வாங்கி வாயில வச்சு நிறுத்தினோம்."

"நபர் ஒன்று" என்று ஆரம்பித்தார் கோமதிநாயகம்.

"சாமியாடியையும் சேத்துக்கிடுங்க, ரெண்டு!"

"அவரு குடிச்சாரா?"

"குடிக்கல. ஆனா பாதிக்கப்பட்டாரு."

தேவசகாயத்துக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் அவர் விடுகிற ஆள் இல்லை. "வே பலவேசம், மனுசனுக்கு மனசு இருக்கு. நம்பிக்கையிலயே பாதி வியாதி போயிரும். நல்லாயிரும்னு நெனச்சே நல்லாயிருப்பான். இதெல்லாம் ஆதாரம் ஆகாது" என்றார்.

அது நல்ல கேள்வி. பலவேசம் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி கையைத் தட்டினான்.

"சரியான கேள்வி அண்ணாச்சி! மனசே இல்லாத ஒண்ணு குடிச்சிருந்தா ஒத்துக்கிடுவீயளா? இந்த வாசலுக்கு எதுக்க ஒரு பழைய மினி பஸ் வந்து நிக்கும், ஞாபகம் இருக்கா? வீட்டுல இருந்து கெளம்பும்போதே இருமும். ஏத்தத்துல இருமும், எறக்கத்துல தும்மும். அதுக்குப் பின்னால போற சைக்கிள்காரன் எல்லாம் கறுப்பாயிட்டான். ஒருநாள் இங்கன வந்து இஞ்சின் கொதிச்சு நின்னுபோச்சு. டிரைவரு அவசரத்துல தண்ணின்னு நெனச்சு என் அண்டாவைத் தூக்கி ரேடியேட்டர்ல கவுத்துட்டாரு. பன்னெண்டு லிட்டர் சூப்பு! நான் தலையில கைய வச்சிட்டேன். டிரைவரு சாவியைத் திருப்பினாரு. பஸ்ஸு ஒரு தடவை தொண்டையைச் செருமிச்சு. சைலன்சர் வழியா இத்தாம் பெரிய கட்டியா ஒண்ணைத் துப்பிச்சு. அதுக்கப்புறம் பாக்கணுமே, கன்னுக்குட்டி மாதிரி ஓடுது. ஆரல்வாய்மொழிக் காத்தை எதுத்து மூணாவது கியர்லயே ஏறிச்சு. ஹாரன் அடிச்சா ஸ்ருதி சுத்தமா இருக்கு. பஸ்ஸுக்கு ஏது அண்ணாச்சி நம்பிக்கை?"

தேவசகாயம் பஸ் நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் கைதட்டினார்கள். நானும்தான். கோமதிநாயகத்தின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார்: "வாகனம் ஒன்று."

"ஒண்ணு ஒண்ணுன்னு எழுதாதீய அய்யா, எனக்கு வயிறு எரியுது" என்றான் பலவேசம். "ஊரையே சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு ஃப்ளூ வந்துச்சு. மதுரையில இருந்து தெக்க இறங்குது. விருதுநகர் படுத்துருச்சு, சாத்தூர் படுத்துருச்சு, கோவில்பட்டியில ஆஸ்பத்திரி வாசல்ல பாய் விரிச்சிட்டாவ. கயத்தாறைத் தாண்டிருச்சு. கங்கைகொண்டான் வந்து நின்னுச்சு. அன்னைக்கு நான் சூப்புல திப்பிலியை ஒரு பிடி கூடப் போட்டிருந்தேன். வாசம் வடக்க அடிக்கு. ஃப்ளூ அங்கனயே நின்னு மோந்து பாத்துச்சு. ஒரு அரை மணி நேரம் யோசிச்சிருக்கும். அப்படியே மேக்க திரும்பித் தென்காசி ரோட்டைப் பிடிச்சிருச்சு."

"பொய்!" என்று கத்தினார் தேவசகாயம். "அந்த வருசம் எனக்கே ஃப்ளூ வந்துது. ஒன்பது நாள் படுத்தேன்!"

"எங்க படுத்தீய?"

"எங்கன்னா?"

"அந்த மாசம் நீங்க மக பேறுகாலத்துக்குத் தென்காசி போயிருந்தீய அண்ணாச்சி. அங்க வச்சுத்தான் வந்திருக்கு. இங்க இருந்திருந்தா வந்திருக்குமா?"

தேவசகாயம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஆமாவே" என்றார் மெதுவாக. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் பலவேசத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவோடு அவன் நிறுத்தியிருக்கலாம். கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கே ஜெயித்துவிடுவான் என்று நம்பிக்கை வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், போதும்டா என்று. ஆனால் பேச்சு சூடேறிவிட்டால் பலவேசத்துக்கு யார் கண்ணும் தெரியாது.

"இது எல்லாமே சின்ன விசயம். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஒரு ஐப்பசி, பதினேழு நாளாத் தூறல். நல்ல மழையும் இல்ல, வெயிலும் இல்ல, எந்நேரமும் சொட்டுச் சொட்டுன்னு ஒழுகிக்கிட்டே இருக்கு. காயப்போட்ட வேட்டி பூசணம் பிடிக்குது. எல்லாரும் வடகிழக்குப் பருவமழைங்காவ. நான் அண்ணாந்து பாத்தேன். பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது மழை இல்ல அய்யா. வானத்துக்குத் தடுமன்."

"ஏ அப்பா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். பாவமா இருந்துது. அதுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க? பெரிய அண்டாவை ஏத்தினேன். மூணு மடங்கு மிளகு, மூணு மடங்கு தூதுவளை, முள்ளோட போட்டேன். மூடியைத் திறந்துவிட்டு விசிறிய எடுத்து ஆவியை மேல தள்ளுதேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மேகம் லேசா ஒரு இழுப்பு இழுத்துச்சு. நான் சொன்னேன், எல்லாரும் உள்ள போயிருங்க, வரப்போகுதுன்னு. தும்மிச்சு பாருங்க! மைதானத்துச் சுவர்ல விரிசல் விட்டிருக்கே, அது அன்னைக்கு விட்டதுதான். ஒரே தும்மல். வானம் பளிச்சுனு ஆயிருச்சு. நீலம்னா அப்படி ஒரு நீலம்."

எல்லாரும் திரும்பிச் சுவரைப் பார்த்தோம். விரிசல் இருந்தது.

"ஆனா அது வினையாப் போச்சு. சளி போனதுல, மழையும் சேந்து போயிருச்சு. கார்த்திகை பொறந்து பத்து நாள் ஆச்சு, ஒரு சொட்டு இல்ல. குளத்துப் பாசனக்காரங்க அம்பது பேரு கம்போட வந்துட்டாவ. 'பலவேசம், உன் சூப்பை நிறுத்துதியா, உன்னை நிறுத்தவா'ங்காவ. காலுல விழுந்து மூணு நாள் கடையை மூடினேன். நாலாம் நாள் மழை பிடிச்சுது. அதனாலதான் அந்த மூணு நாளு நான் கடை போடல."

"அந்த மூணு நாளும் கொழுந்தியா கல்யாணம்னு என்கிட்ட லீவு சொன்னீரு" என்றார் கோமதிநாயகம், நோட்டைப் புரட்டி. அதுவும் எழுதி வைத்திருந்தார்.

"வெளிய சொன்னா ஊரு பயந்துக்கிடும்னு அப்படிச் சொன்னேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கோமதிநாயகம் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பலவேசம், எல்லாம் கேட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லும். உம்ம சூப்பைக் குடிச்சவங்க நல்லாயிட்டாங்கன்னு சொல்லுதீரு. சரி. குடிக்காதவங்க என்ன ஆனாங்க? இந்த வாசல்லயே, இதே பனியில, இதே இருமுத கூட்டத்துக்கு நடுவுல நின்னு, உம்ம சூப்பை ஒரு வாய்கூடக் குடிக்காத ஆளு ஒருத்தரைக் காட்டும். அவங்களுக்குச் சளி பிடிச்சிருந்தா நீரு ஜெயிச்சீரு."

பலவேசம் நெஞ்சை நிமிர்த்தினான். "அப்படி ஒரு ஆளே கிடையாது அய்யா. இந்த வாசல்ல நின்னுட்டு என் சூப்பைக் குடிக்காத ஒரு ஜீவன் இருந்தா, நான் இப்பமே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிருதேன்."

"நான் குடிச்சதில்ல" என்றாள் பேச்சியம்மாள்.

அவ்வளவு பேரும் திரும்பினோம். அவள் கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பத்தொன்பது வருசமாப் பக்கத்துலதான நிக்கேன். ஒரு மடக்குக்கூடக் குடிச்சதில்ல. எனக்குக் காரம் ஆகாது."

"தடுமன் பிடிக்குமாம்மா?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"ஒருநாளும் பிடிச்சதில்ல அய்யா. தும்மல்கூட வந்ததில்ல."

பலவேசத்தின் முகத்தில் இருந்த வெளிச்சம் எல்லாம் போய்விட்டது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான், மறுபடியும் அவிழ்த்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அவனே சொல்லிவிட்டானே. எனக்குப் பேச்சியம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் என்ன தப்புச் செய்தாள்? வாசலில் ஒரு வண்டிதான் நிற்கலாம் என்றால் அவளுக்கும் அதுதானே பிழைப்பு. அதோடு கேட்டார்கள், சொன்னாள்.

பலவேசம் குனிந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். அண்டாவிலிருந்து ஆவி எழுந்து அவன் முகத்தில் அடித்து, அப்படியே பக்கத்துக்கு நகர்ந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மெதுவாக நிமிர்ந்தான். நான் அவனைப் பத்தொன்பது வருசமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். பதில் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தங்கச்சி" என்றான் ரொம்பப் பணிவாக. "பத்தொன்பது வருசமாக் காலையில அஞ்சு மணியில இருந்து ஒம்பது மணி வரைக்கும், என் அண்டாவுல இருந்து வார ஆவி யாரு மூக்குல போவுது?"

வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. தேவசகாயம் என் முதுகில் ஓங்கி அடித்தார். பலவேசம், "குடிச்சவனுக்கே ஒரு டம்ளரு! இவளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்!" என்று துண்டைச் சுழற்றினான். "ஊருலயே என் மருந்தை அதிகமா எடுத்த ஆளு இவதான் அய்யா! எழுதுங்க, எழுதுங்க!"

கோமதிநாயகம் உடனே எழுதிவிடவில்லை. எழுந்து வந்து இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். கைக்குட்டை கஞ்சி வண்டிப் பக்கமாகவே ஆடியது. இரண்டு நிமிசம் பார்த்தார். மூக்கை நீட்டி ஒரு தடவை மோந்தும் பார்த்தார்.

"காத்து அந்தப் பக்கம்தான் போவுது" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்படின்னா அய்யா," என்றாள் பேச்சியம்மாள், "ஆவியே போதும்னா இவிய எதுக்கு அதை டம்ளர்ல ஊத்தி விக்காவ? அடுப்பை மூட்டிட்டுச் சும்மா உக்காரட்டும்."

இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் போனது. பலவேசம் வாயைத் திறந்தான். ஆனால் கோமதிநாயகம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோசம். அவருக்குச் சாமி கிடைத்த மாதிரி இருந்தது.

"யாரும் பேசாதீங்க. இது நெசமாவே நல்ல கேஸு. குடிக்காத ஆளு ஒண்ணு, ஆவி மட்டும் படுத ஆளும் அதே ஒண்ணு. இதைத் தெரிஞ்சுக்கிடணும்னா ரெண்டு வண்டியும் இப்ப நிக்கிற இடத்துலயே நிக்கணும். ஒரு அடி நகத்தினாலும் ஆதாரம் கெட்டுப்போயிரும். பேச்சியம்மா, நீங்க சூப்பைக் குடிக்கக்கூடாது. பலவேசம், நீரு அவங்களைக் குடிக்கச் சொல்லக்கூடாது. தினமும் காலையில நான் ரெண்டு பேர் மூக்கையும் பாத்துக் குறிச்சுக்கிடுவேன்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் தேவசகாயம்.

"குறைஞ்சது அஞ்சு வருசம்."

"அப்ப டூவீலரு?"

"வெளிய போடுங்கவே. நடக்கத்தான வாரோம்?"

இப்படித்தான் இரண்டு வண்டியும் வாசலில் தங்கின. தீர்மானத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் கோமதிநாயகம். பேச்சியம்மாள் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் பலவேசத்துக்கு வாசல் கிடைத்தது போதவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

"அய்யா, அஞ்சு வருசம் கழிச்சும் பேச்சிக்குத் தடுமன் வரலேன்னா நான் ஜெயிச்சேன், அப்படித்தான?"

"இல்ல. அது அவங்க உடம்பு வாகாவும் இருக்கலாம்."

"வந்துட்டா?"

"ஆவி பலிக்கல, நீரு தோத்தீரு."

"அப்ப நான் ஜெயிக்கதுக்கு வழியே இல்லையா?"

கோமதிநாயகம் ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். பலவேசம் ஊற்றினான். அவர் ஊதி ஊதி, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஜெயிச்சு என்ன செய்யப் போறீரு? சூப்பு ருசியா இருக்கு. நான் இத்தனை வருசமா அதுக்காகத்தான் குடிக்கேன். சளிக்கு ஒண்ணும் இல்ல."

பலவேசம் இரண்டு அடி பின்னால் போனான். அன்றைக்குக் காலையில் அவனைப் பொய் என்றார்கள், ஆதாரம் இல்லை என்றார்கள், கொழுந்தியா கல்யாணத்தைக்கூட இழுத்தார்கள். எதற்கும் கலங்கவில்லை. இப்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கேட்டியளா?" என்றான் என்னிடம். "புளுகன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மருந்தைப் போயி ருசியா இருக்குன்னுட்டாரே! ருசியா இருக்குன்னு வெளிய தெரிஞ்சா, அதை மருந்துன்னு எவன் நம்புவான்? பத்தொன்பது வருசம் வாய் வலிக்கப் பேசினதெல்லாம் எதுக்கு?"

பேச்சியம்மாள் கஞ்சியில் தேங்காய்ப்பூவைத் தூவிக்கொண்டே, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அதைத்தான் நானும் பத்தொன்பது வருசமாக் கேக்கணும்னு இருந்தேன்."